மணியின் தண்ணீர்க் கிண்ணம்

எங்கள் நாய் மணியை முதன்முறையாக எட்டு மணி நேரக் கார்ப் பயணத்துக்கு அழைத்துச் சென்றபோது, மூன்று லிட்டர் தண்ணீரும் அவனுடைய கிண்ணமும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. ஆனாலும் நான்கு மணி நேரமாக அவன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஓடும் வண்டியில் கிண்ணத்தை நீட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாகமில்லை போலும் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தவறு.

நாய்க்கு நம்மைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் சிறிது வியர்ப்பதைத் தவிர, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது பெரும்பாலும் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது, அப்படி இரைக்கும் ஒவ்வொரு மூச்சிலும் உடலின் நீர் ஆவியாகிப் போகிறது. மணியோ படபடப்பில் வழியெல்லாம் இரைத்துக்கொண்டே வந்ததோடு, இரண்டு முறை வாந்தியும் எடுத்திருந்தான். வண்டியை நிறுத்தி, உதட்டை மெல்ல விலக்கி ஈறைத் தொட்டுப் பார்த்தேன். வழுவழுப்பாக இருக்க வேண்டிய ஈறு விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. தோள்பட்டைக்கு மேலுள்ள தோலை இழுத்து விட்டபோது, சட்டென்று படிய வேண்டியது மெதுவாகவே படிந்தது.

மர நிழலில் இறக்கிக் கிண்ணத்தைத் தரையில் வைத்ததுதான் தாமதம், நான் கையை எடுப்பதற்குள் குடிக்கத் தொடங்கிவிட்டான். குமட்டலோடு இருக்கும் நாய் ஒரேயடியாகக் குடித்தால் அத்தனையும் வாந்தியாக வெளியே வந்துவிடக்கூடும் என்பதால், கால் டம்ளர் ஊற்றி, ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் ஊற்றினேன். இதற்குள் ஈறு வெளிறியிருந்தாலோ அவன் தள்ளாடியிருந்தாலோ, அங்கே நின்றிருக்காமல் நேரே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோயிருப்பேன்.

நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 60 மில்லி தண்ணீர் தேவை. வெயிலிலும் இரைப்பிலும் அது இன்னும் கூடும். மணியின் எடை 12 கிலோ என்பதால், 600 மில்லியில் பாட்டிலின் மேல் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். புதிய இடத்துத் தண்ணீரின் வாசனை பிடிக்காமல் சில நாய்கள் குடிக்க மறுக்கும் என்பதால் வீட்டுத் தண்ணீரையே எடுத்துச் செல்கிறேன். சாலையோரத்தில் தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கக்கூடும். அதில் அவனை வாய்வைக்க விடுவதில்லை.

திரும்பும் பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தினோம். மூன்றாவது நிறுத்தத்தில் நான் கதவைத் திறப்பதற்கு முன்பே மணி கிண்ணம் இருந்த பையை முகர்ந்துகொண்டிருந்தான்.