நெளிவு ஓர மேஜை: வேலை முழுக்கக் காயவைப்பதில்

ஓரத்தை நேராக அறுக்காமல், மரம் வளர்ந்த நெளிவோடு விட்ட மேஜை என்றால் யாரும் முதலில் தடவிப் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான். அதற்கு நான் செலவழிக்கும் நேரமோ ரொம்பக் குறைவு. மழுங்கின உளியால் பட்டையை உரித்து, நைலான் பிரஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டால் ஓரம் தயார். சிலர் பட்டையோடு விடுகிறார்கள். அது பின்னால் உதிரும், பூச்சிக்கும் இடம் கொடுக்கும். எனக்கு வேண்டாம்.

அறுப்பதும் நினைக்கிற அளவு கடினமில்லை. செயின்சாவில் மாட்டும் சட்டம், தடியின் மேல் முதல் வெட்டுக்கு வழிகாட்ட ஒரு நேரான ஏணி, நீளவாக்கில் அறுக்கவென்றே பல் தீட்டிய சங்கிலி, இவை போதும். சங்கிலி போகிற வழியில் கால் அங்குலத்துக்கு மேல் தூளாகிவிடும் என்பதுதான் வருத்தம். மேஜை 2 அங்குலம் வேண்டுமென்றால் இரண்டரைக்கு அறுக்கிறேன். உலரும்போது நெளிவதை இழைத்துச் சமன் செய்ய அந்த அரை அங்குலம் தேவைப்படும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. வெட்டுமுனை வழியாக ஈரம் பல மடங்கு வேகமாக வெளியேறும், அதனால் அறுத்த கையோடு முனைகளுக்குப் பெயின்ட். பலகைகளுக்கு இடையே ஒரே அளவுக் குறுக்குச் சட்டங்கள், எல்லா அடுக்கிலும் நேர்மேலே நேர்மேலே. வெயில் படாமல், காற்று மட்டும் ஓடும்படி வைக்க வேண்டும்.

ஓர் அங்குலத்துக்கு ஒரு வருடம் என்பார்கள். அது தோராயக் கணக்கு, மரத்துக்கு மரம் மாறும். நான் ஈரமானியோடு தராசையும் நம்புகிறேன். அவ்வப்போது நிறுத்துப் பார்த்து, எடை இறங்குவது நின்றால் சரி. இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஆரம்பத்தில் எடை மளமளவென்று குறையும், அகலம் மட்டும் அப்படியே இருக்கும். ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே போன பிறகுதான் மரம் சுருங்கத் தொடங்கும். அதுவும் மரத்தின் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில், மையத்திலிருந்து பட்டைக்குப் போகும் திசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பட்டைப் பக்கம் குழிவதும், மையம் ஓடும் பலகை நடுவில் வெடிப்பதும் இதனால்தான்.

வெடிப்புக்கு அமெரிக்க மரச்சாமான் கலைஞர் ஜார்ஜ் நகாஷிமா (1905–1990) வழி எனக்குப் பிடிக்கும். பட்டாம்பூச்சி வடிவத் துண்டைக் குறுக்கே பதித்து, வெடிப்பை வெடிப்பாகவே தெரிய விடுவார். நீல எபாக்சியை (ஊற்றினால் கெட்டியாகும் பிசின்) ஊற்றி நடுவில் ஆறு ஓடவிடுவது என் ரசனைக்கு ஒத்துவரவில்லை.

உலர்ந்த பிறகும் பலகை பருவத்துக்குப் பருவம் அகலத்தில் விரிந்து சுருங்கும். அதனால் கால்களை இறுக்கித் திருகக் கூடாது. இரும்புக் காலில் துளையை அகலவாட்டில் நீளமாக்கி, வாஷர் போட்டு முடுக்குகிறேன். எண்ணெய்ப் பூச்சும் அப்படித்தான். அடிப்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டால் அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தை வேகமாக வாங்கி, பலகை வளையும். மேலே மூன்று பூச்சு என்றால் கீழேயும் மூன்று.