அதே உயரம், வேறு பெயர்

பழைய நிலப்படப் புத்தகத்தில் இன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துச் சிகரம் ஒன்றைத் தேடினேன். அதில் 'மவுண்ட் எவன்ஸ்' என்றிருந்தது. கைப்பேசி வரைபடமோ அதே இடத்தில் 'மவுண்ட் புளூ ஸ்கை' என்று காட்டியது.

உயரம் மட்டும் மாறவில்லை. 14,000 அடிக்கு மேல்.

ஜான் எவன்ஸ் அப்பகுதியின் ஆளுநராக இருந்தபோதுதான், 1864 நவம்பர் 29 அன்று, சாண்ட் கிரீக் ஓடைக்கரையில் முகாமிட்டிருந்த செயேன், அரப்பாஹோ பழங்குடி மக்களை அமெரிக்கப் படையினர் கொன்று குவித்தனர். மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அதன் விளைவாக அவர் பதவியிலிருந்து இறங்க நேர்ந்தது. ஆனால் பின்னாளில் மலைமேல் ஏறிய அவர் பெயர் 2023 செப்டம்பர் வரை இறங்கவில்லை.

புதிய பெயர் வெறும் அழகுக்காகச் சூட்டப்பட்டதன்று. அரப்பாஹோ மக்கள் 'நீலவான மக்கள்' என்றே அறியப்படுபவர்கள்.

ஒரு மனிதரின் பெயரைப் பற்றியாவது வாதிடலாம். பழங்குடிப் பெண்களை இழிவுபடுத்தும் ஒரே சொல் ஏறக்குறைய 650 மலைகள், ஓடைகள், பள்ளத்தாக்குகளின் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருந்ததையும், அமெரிக்க அரசு அவற்றை 2022இல்தான் மாற்றியதையும் என்னவென்று சொல்வது?

பெயரை மாற்றினால் வரலாறு அழிந்துவிடும் என்கிறார்கள். இத்தனை ஆண்டுகளாக அந்தப் பெயரைப் படித்திருந்தும், எனக்கு சாண்ட் கிரீக் தெரிய வந்தது இன்றுதான்.