சிற்றேரியின் விளிம்பு

காட்டுக்குள் ஒதுங்கிக் கிடக்கும் சிற்றேரிகளுக்குச் செல்பவர்கள் பலரும் தண்ணீரை ஒட்டியே கூடாரம் அடிக்க விரும்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இத்தகைய ஏரியில் உயிர்கள் நெருங்கி வாழ்வது வெளிச்சம் அடிவரை எட்டும் ஆழமற்ற விளிம்பில்தான். கோரைத் தண்டுகளைப் பற்றி ஏறித் தும்பிகள் தோலுரிப்பதும், மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும், மான்கள் நீர் அருந்த இறங்குவதும் அந்தக் குறுகிய பட்டையிலேயே நடக்கின்றன. அங்கே நாம் படுத்துக்கொண்டால் அவை வேறு வழி தேட வேண்டும். சிற்றேரியில் வேறு வழிகள் அதிகம் இருப்பதில்லை. ஆகவே கரையிலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளியே கூடாரம் அடிக்கிறேன். பாத்திரம் கழுவுவதும் அங்கேதான், ஏனெனில் எளிதில் மட்கும் என்று விற்கப்படும் சோப்புகூட மட்குவதற்கு மண் வேண்டும்.

தூண்டில் போடுபவர்கள் வெப்பநிலையைக் கவனிப்பது நல்லது. கோடையில் வெதுவெதுப்பான நீர் மேலே மிதக்க, குளிர்ந்த நீர் அடியில் தங்கி, காற்று அடித்தாலும் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. அடியில் மட்கும் இலைதழைகள் அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மேற்பரப்பு நீரோ சூடேற ஏற ஆக்சிஜனைக் குறைவாகவே தாங்கும். குளிர்நீரை விரும்பும் டிரவுட் மீன்கள் இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய அடுக்கில் அடைபட்டுக் கிடக்கின்றன. அப்போது பிடித்து விட்டுவிடுவதும் இரக்கமாகாது, போராடிக் களைத்த மீன் வெதுவெதுப்பான நீரில் மீள்வது கடினம்.

உயர்ந்த மலைகளின் ஏரிகள் பலவற்றில் முதலில் மீன்களே இருந்ததில்லை என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். கலிபோர்னியாவின் சியரா நெவாடாவில் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்காக விடப்பட்ட டிரவுட், மஞ்சள்கால் மலைத்தவளைகளின் தலைப்பிரட்டைகளைத் தின்று தீர்த்தது. அந்தத் தலைப்பிரட்டைகள் தவளையாக ஓராண்டுக்கும் மேலாகும் என்பதால், வற்றிப்போகும் குட்டைகளில் அவற்றுக்குப் பிழைப்பில்லை. ஆழமான ஏரிகளே அவற்றின் இடம், மீனும் அங்கேதான் இருந்தது. சில ஏரிகளிலிருந்து மீன்களை அகற்றியபின் தவளைகள் மீண்டும் பெருகின. எனவே மிஞ்சிய இரைமீன்களை, அவை உயிரோடு இருந்தாலும், ஏரியில் கொட்டிவிட்டு வராதீர்கள்.