நூறு லிட்டரோடு தீபகற்பத்தைச் சுற்றி

4 ஜூன் 2024, செவ்வாய். உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

நாளைக் காலை புறப்படுகிறோம். ஜோகூர் பாருவில் வாடகைக்கு எடுத்திருப்பது ஒரு வீட்டு வண்டி. டீசல் வேனுக்குள் நான்கு படுக்கை, ஓர் அடுப்பு, பெட்டிக் கழிப்பறை, 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி. அம்மா, என் கணவர், மகள், நான். சிங்கப்பூர் ஓட்டுநர் உரிமம் மலேசியாவிலும் செல்லுபடியாகும் என்பதால் இருவரும் மாறி மாறி ஓட்டலாம்.

மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரை வழியாகப் பேராக் மாநிலம் வரை ஏறி, கிரிக்கிலிருந்து மலையைக் குறுக்கே கடந்து, கிழக்குக் கரை வழியாக இறங்குவது என்று முடிவு. இந்தச் சுற்றுக்கு ஜூன்தான் ஏற்ற மாதம். நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரை மாநிலங்களான கிளந்தானையும் திரங்கானுவையும் வெள்ளத்தில் தள்ளிவிடும். இப்போது அடிப்பது தென்மேற்குக் காற்று. சுமத்ராவும் தித்திவாங்சா மலைத்தொடரும் அதைத் தடுத்து நிறுத்துவதால் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும்.

மகளுக்கு நான் காட்ட விரும்புவது தொலைவை. எங்கள் தீவு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பிறந்ததிலிருந்து அவள் ஒரு சாலையில் நாள் முழுவதும் போனதே இல்லை. கணவரின் கவலை வேறு: சிங்கப்பூரில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 140 லிட்டர் தண்ணீர் செலவழிக்கிறார். வண்டியில் நால்வருக்கும் சேர்த்தே 100.

5 ஜூன், புதன். ஆயர் குரோ

950ஆம் எண் பஸ்ஸில் கடற்பாலத்தைக் கடந்து, பதினொரு மணிக்கு வண்டியைப் பெற்றுக்கொண்டோம். கொடுத்தவர் இளைஞர், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். நல்ல தண்ணீர் எங்கே நிரப்புவது, கழுவிய நீர் எந்தத் தொட்டியில் சேரும், கழிப்பறைப் பெட்டியை எப்படி இழுத்து எங்கே காலி செய்வது. மகள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பெட்டியைக் காலி செய்யும் பொறுப்பைக் கணவர் ஏற்றுக்கொண்டார்.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் சொல்ல அதிகம் இல்லை. இரு பக்கமும் செம்பனை (எண்ணெய்ப் பனை), மணிக்கணக்காகச் செம்பனை. ஆயர் குரோ ஓய்விடத்தில் நாசி லெமாக் சாப்பிட்டு, லாரிகளுக்கு அப்பால் நிறுத்தித் தூங்கப் போகிறோம்.

7 ஜூன், வெள்ளி. சுங்கை சிப்புட்

அம்மா பிறந்த ரப்பர் தோட்டம் இந்த ஊருக்கு வெளியே. 1972இல் திருமணமாகிச் சிங்கப்பூர் வந்த பிறகு சாவுக்கும் கல்யாணத்துக்குமாக அவர் வந்து போனது சித்தியின் டவுன் வீட்டுக்குத்தான். தோட்டத்துக்குள் போனதில்லை. இன்று போனோம்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இல்லை. காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக் களம் இருந்த இடத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றும் மேடை. பால் மரம் (ரப்பர் மரம்) ஒன்றுகூட இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் புதுச் சாயத்தோடு நிற்கிறது. வாரம் ஒருமுறை டவுனிலிருந்து பூசாரி வருகிறாராம்.

அம்மா அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. நேராகக் கோயிலுக்குப் பின்னால் நடந்து, புல்லைக் காலால் விலக்கி, ஒரு சிமெண்டுத் தளத்தைக் கண்டுபிடித்தார். "இதுதான் குழாயடி" என்றார். ஒரு வரிசை லயத்துக்கு ஒரே குழாய். விடியுமுன் பிரட்டுக்குப் போகிறவர்கள் முதலில், பள்ளிப் பிள்ளைகள் அடுத்து, கிழவிகள் கடைசி. குழாய் வற்றினால் காண்டா என்ற தோள் கம்பில் இரண்டு தகரம் கட்டி ஆற்றிலிருந்து தாத்தா சுமந்து வருவார். பால் வாளி சுமந்த அதே தோள்.

"ஒருவருக்கு எத்தனை லிட்டர் பாட்டி?" என்று மகள் கேட்டாள்.

"லிட்டர் யாருக்குத் தெரியும்? ஆளுக்கு ஒரு வாளி. அதில் குளித்து, மிச்சத்தில் கால்சட்டையை அலசி, அந்தத் தண்ணீரை மிளகாய்ச் செடிக்கு ஊற்றுவோம்."

என் அம்மா குழாயைத் திறந்துவிட்டு ஒருநாளும் பாத்திரம் கழுவ மாட்டார். நாற்பது ஆண்டுகளாக அதைக் கஞ்சத்தனம் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்லிவந்திருக்கிறார்கள். அந்தத் தளத்தின் மேல் நின்றபோது எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது.

இரவு சித்தி வீட்டு வாசலிலேயே வண்டியை நிறுத்திவிட்டோம். மீன் குழம்பு, நெத்திலிச் சம்பல்.

8 ஜூன், சனி. கோல கங்சார்

அம்மாவுக்குப் பால் மரம் பார்க்கவேண்டும். நாட்டின் மிகப் பழைய மரமே இங்கே மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் கொண்டுபோன விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு அவற்றில் 22 கன்றுகள் சிங்கப்பூர்ப் பூமலைக்கு, அதாவது தாவரவியல் பூங்காவுக்கு, வந்தன. சில கன்றுகள் அங்கிருந்து இந்த ஊருக்கு வந்தன. அந்த நடவில் எஞ்சியது இந்த மரம். பூமலையில் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீன்முள் வடிவில் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டறிந்தார். அதன் பிறகுதான் தோட்டங்கள் பெருகின, எங்கள் தாத்தாக்கள் கப்பலேறினார்கள்.

மகள் பள்ளிச் சுற்றுலாவில் பூமலைக்குப் போயிருக்கிறாள், ஆர்க்கிட் பார்க்க. இது அங்கே யாரும் அவளுக்குச் சொல்லாத கதை. அம்மா மரத்தண்டில் விரலால் சாய்வுக் கோடு இழுத்து, உளி எந்த ஆழத்தில் நிற்கவேண்டும் என்று காட்டினார். "உள்ளே மரத்தைத் தொட்டால் காயம் வீங்கும், கங்காணி ஏசுவார்."

9 ஜூன், ஞாயிறு. கிரிக்

லெங்கோங் பள்ளத்தாக்கு வழியாக வந்தோம். 2012இல் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த இடம். பேராக் மனிதன் என்று அழைக்கப்படும், சுமார் 11,000 ஆண்டு பழமையான எலும்புக்கூட்டை 1991இல் இங்குள்ள குகை ஒன்றில்தான் எடுத்தார்கள்.

மாலையில் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. தொட்டி நிறையத் தண்ணீர், குழாயில் சொட்டு இல்லை. கிரிக்கில் ஒரு சீனப் பட்டறைக்காரர் ஃபியூஸை மாற்றி, கம்பி இணைப்பையும் இறுக்கிக்கொடுத்து, பத்து ரிங்கிட் மட்டும் வாங்கினார். அந்த ஒரு மணி நேரமும் அம்மா குவளையால் மொண்டு சமையலை முடித்துவிட்டார்.

எண்ணெய் நிலையத்தில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. நள்ளிரவு முதல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறுகிறது என்று அரசு இன்று அறிவித்திருக்கிறது. நாங்களும் நிரப்பிக்கொண்டோம். 70 லிட்டர் தொட்டிக்கு 84 ரிங்கிட் வித்தியாசம். சிங்கப்பூர் விலையை நினைத்தால் எங்களுக்கு இது பெரிதில்லை. முன்னால் நின்ற காய்கறி லாரி ஓட்டுநர் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

10 ஜூன், திங்கள். ஜெலி

இந்தப் பயணத்தின் மகுடம் இன்றைய சாலை. கிரிக்கிலிருந்து ஜெலி வரை, நூறு கிலோமீட்டருக்கும் மேல், மலைக்காட்டுக்குள்ளேயே. இதைப் போடத் தொடங்கியது 1970இல், திறந்தது 1982இல். இடையில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் தாக்குதலுக்கு நடுவே, இராணுவக் காவலோடு வெட்டிய சாலை. அதற்கு முன் வடக்கில் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போக நாட்டையே சுற்றவேண்டியிருந்தது.

யானை கடக்கும் பாதை என்ற மஞ்சள் பலகைகள் வரிசையாக வந்தன. இருட்டில் இங்கே ஓட்டவே கூடாது. காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். யானையைப் பார்க்கவில்லை, சாலையோரம் புதிய சாணத்தைப் பார்த்தோம், மகளுக்கு அதுவே போதுமாக இருந்தது. பண்டிங் பாலத்தின் மேல் தெமெங்கோர் ஏரி இரு பக்கமும் விரிந்தது. பேராக் ஆற்றை அணைகட்டித் தடுத்ததால் உண்டான ஏரி. மேடாக நின்ற குன்றுகளெல்லாம் இன்று தீவுகள். ஏற்றத்தில் வண்டி முனகியது. இரண்டாவது கியரில், பின்னால் வந்த கார்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, நான்தான் ஓட்டினேன். மேலே மூடுபனியில் கண்ணாடியை இறக்கியதும் குளிர்ந்த இலை வாசம் வந்தது. மகள் ஹெட்ஃபோனைத் தானாகவே கழற்றிவிட்டாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்?" என்று அவள் கேட்பது இன்று நின்றுவிட்டது.

11 ஜூன், செவ்வாய். கோத்தா பாரு

சிட்டி கதீஜா என்ற பெயருள்ள இந்த ஊர்ச் சந்தையில் விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நீலச் சோற்று நாசி கெராபு, புடு என்ற புளித்த மீன் சாறு. அம்மாவுக்கு புடு வாசம் ஒத்துக்கொள்ளவில்லை, கருவாட்டுக் கடையில் நிம்மதியானார்.

தண்ணீர் நிரப்ப ஒரு பள்ளிவாசலில் கேட்டோம். பொறுப்பாளர் குழாயைக் காட்டிவிட்டு, அம்மாவுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

13 ஜூன், வியாழன். செராத்திங்

நேற்று ரந்தாவ் அபாங்கைக் கடந்தோம். 1950களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் கூடுகள் என்ற அளவில் ஏழுவரி ஆமைகள் வந்து முட்டையிட்ட கரை. இன்று அவை ஏறக்குறைய வருவதே இல்லை. முட்டையைத் தின்றதும் மீன்வலையும் காரணம். இங்கே செராத்திங்கில் பச்சை ஆமைகள் இன்னும் வருகின்றன. ஆமைக் காப்பகத்தில் தொட்டிக்குள் நீந்திய குஞ்சுகளைப் பார்த்தோம். கடல் தட்டையாக, பருவம் சொன்னபடியே இருந்தது.

14 ஜூன், வெள்ளி. கோத்தா திங்கி

மெர்சிங் வழியாக இறங்கி, கடைசி இரவுக்கு இங்கே. ஜோகூர் ஆறு ஊரை ஒட்டிப் பழுப்பாக ஓடுகிறது. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் இந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை எடுக்கலாம், 2061 வரை. ஆயிரம் காலனுக்கு 3 சென். மேலே லிங்கியூவில் சிங்கப்பூரின் செலவில் கட்டிய அணை இருக்கிறது. வறட்சியால் 2016இல் அதன் நீர்மட்டம் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது.

மகள் பள்ளியில் நான்கு தேசியக் குழாய்களைப் பற்றி, அதாவது சிங்கப்பூரின் நீர் ஆதாரங்களைப் பற்றி, தேர்வெழுதியவள். மழைநீர், ஜோகூர் நீர், புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), உப்பு நீக்கிய கடல்நீர் என்று ஒப்பிப்பாள். இன்று கரையில் நின்று, "இந்த ஆறா?" என்று இரண்டு முறை கேட்டாள். கணவர் தொலைபேசியில் வரைபடத்தைத் திறந்து, ஆறு போகும் வழியை அவளுக்கு விரலால் காட்டினார். நாங்கள் தண்ணீருக்குப் பணம் கட்டுகிறோம், கணக்குப் பார்க்கிறோம். இந்தப் பழுப்பு நிறத்தை ஒவ்வொரு சிங்கப்பூர்ப் பிள்ளையும் ஒருமுறையாவது நேரில் பார்க்கவேண்டும் என்று நான் மனதார நினைக்கிறேன்.

பக்கத்துக் கடையில் டுரியான் பருவம் களைகட்டியிருந்தது. கம்பத்து (கிராமத்து) டுரியான் மூன்று வாங்கி வண்டிக்கு வெளியே உட்கார்ந்து தின்றோம். உள்ளே கொண்டுபோகக்கூடாது என்பது வாடகை விதி.

15 ஜூன், சனி. உட்லண்ட்ஸ்

வண்டியைக் கழுவி ஒப்படைத்தோம், வைப்புத்தொகை முழுவதும் திரும்ப வந்தது. திங்கட்கிழமை ஹஜ்ஜுப் பெருநாள் என்பதால் ஜோகூர் பக்கம் போகும் கார்கள் கடற்பாலம் முழுக்க அடைத்து நின்றன. எங்கள் திசையில் நெரிசல் இல்லை, பிற்பகலுக்குள் வீடு வந்துவிட்டோம். சித்தி தீபாவளிக்குச் சிங்கப்பூர் வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். அம்மா இப்போதே அவருக்குக் கட்டில் எங்கே போடுவது என்று அளந்துகொண்டிருக்கிறார்.