மூன்றாம் வகுப்பில் யார் யார் இருக்கிறார்கள்?

எந்த மதிப்பாய்வுக் கூட்டமானாலும் எங்கள் பள்ளியின் பெயருக்கு நேரே திரையில் ஒரே ஓர் எண்தான் வருகிறது. மூன்றாம் வகுப்பில் எத்தனை சதவீதம் குழந்தைகள் 'மலர்' நிலையில் இருக்கிறார்கள் என்பதுதான் அது. போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால் பாராட்டு, குறைந்திருந்தால் "ஏன் டீச்சர்?" என்று கேள்வி. அந்தக் கேள்விக்கு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தின் இழப்பை ஈடுகட்டத்தான் அதைத் தொடங்கினார்கள். ஒரே வகுப்பில் இருந்தாலும், எழுத்திலேயே நிற்கும் பிள்ளைகள் அரும்பு, சொல்லும் சின்ன வாக்கியமும் படிப்பவர்கள் மொட்டு, வகுப்புக்குரிய பாடத்தை எட்டியவர்கள் மலர் என்று பிரித்துச் சொல்லித்தருகிறோம். இந்தப் பிரிப்பு நல்லது. பின்தங்கிய குழந்தைக்கு அதன் இடத்திலிருந்தே பாடம் தொடங்குகிறது. அந்த மூன்று பெயர்களையும் கூட்டி, பள்ளிக்கு மார்க் போடுவதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்களுடையது திருப்பூரை ஒட்டிய ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. சுற்றிலும் பனியன் கம்பெனிகள், அவற்றை நம்பி எழுந்த லைன் வீடுகள். உள்ளூரில் சொந்த வீடும் நிலமும் இருப்பவர்களின் பிள்ளைகள் எங்களிடம் வந்து பல வருஷம் ஆகிறது. தேனி, திண்டுக்கல், சிவகங்கைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள்தான் ரொம்பக் காலம் எங்கள் வகுப்பை நிறைத்தார்கள். இப்போது அவர்களோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் குழந்தைகளும் இருக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அப்பா டெய்லர், அம்மா செக்கிங் அல்லது கைமடி (டெய்லருக்குக் கை உதவி). காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்குத்தான் வெளியே வருவார்கள். வீட்டுப்பாடத்தைப் பார்க்க அந்த வீட்டில் யாரும் இல்லை. இருக்கிற அக்காவும் ஐந்தாம் வகுப்பு.

யார் வருகிறார்கள் என்பதைப் போலவே யார் வராமல் போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 சதவீத இடங்களை நலிந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தர வேண்டும். மெட்ரிக் பள்ளிகளில் அந்த நுழைவு வகுப்பு எல்கேஜி. எங்களுக்கோ முதல் வகுப்புதான் வாசல். குழந்தைக்கு மூன்று வயது ஆகும்போதே ஆன்லைனில் விண்ணப்பித்து, சான்றிதழ்களைத் திரட்டி, கடைசித் தேதியையும் தவறவிடாத பெற்றோர், குழந்தை எங்கள் கணக்கில் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்லவே மாட்டேன், சட்டம் தந்த உரிமை அது. ஆனால் பிள்ளையின் படிப்பை விடாமல் கவனிக்கக்கூடிய குடும்பங்கள் இப்படி ஒவ்வொன்றாக விலகிய பிறகு மிஞ்சியிருப்பதுதான் எங்கள் மூன்றாம் வகுப்பு. பக்கத்து மெட்ரிக் பள்ளியோடு அதை எப்படி ஒப்பிட முடியும்?

அடுத்தது மொழி. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தை என் வகுப்பில் இருக்கிறாள். 47-ஐயும் 38-ஐயும் கூட்டச் சொன்னால் விரலைக்கூட மடக்காமல் 85 என்று எழுதிவிடுவாள். ஒரு மதிப்பீட்டில், "மீனாவிடம் 52 மாம்பழங்கள் இருந்தன. 17 பழங்களைத் தங்கைக்குக் கொடுத்தாள். மீதி எத்தனை?" என்பது போல ஒரு கணக்கு. பேனாவை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பீகார் பையன் இந்தியில் சொன்னதும் உடனே 35 என்று எழுதினாள். மதிப்பீட்டில் யாரும் சொல்லித்தரக் கூடாது, விதி அது. அதனால் கணக்கில் அவள் அரும்பு. உண்மையில் அவளுக்கு இன்னும் வராதது தமிழ்தான். அதுவும் வந்துகொண்டிருக்கிறது. போன வாரம் என்னிடம் வந்து, "டீச்சர், சாப்டீங்களா?" என்று கேட்டாள். எந்தப் படிவத்தில் அதைப் பதிவது?

அப்புறம், இடம் மாறும் பிள்ளைகள். தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போகும் குடும்பங்களில் சிலர் பொங்கல் கழிந்துதான் திரும்புவார்கள், சிலர் திரும்புவதே இல்லை. பீகார்க்காரர்கள் சத் பூஜைக்குக் கிளம்புவார்கள். கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் இன்னும் சிலர் போவார்கள். அந்தப் பெயர்களை எமிஸில், அதாவது கல்வித் துறையின் ஆன்லைன் மாணவர் பதிவேட்டில், எங்கள் பள்ளியிலிருந்து எடுத்துப் பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிடுவோம். ஜனவரியில் புதிதாக நான்கைந்து பேர் வந்து சேர்வார்கள். வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, அது சரிதான். அதனால் எட்டு வயதுக் குழந்தை, தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும், நேராக மூன்றாம் வகுப்பில் வந்து உட்காரும். மார்ச்சில் எடுக்கும் சதவீதத்தில் அந்தக் குழந்தையும் ஒரு தலை. நான் படிக்க வைத்து மொட்டிலிருந்து மலருக்குக் கொண்டுவந்த குழந்தை டிசம்பரிலேயே ஊருக்குப் போயிருக்கும், அது கணக்கிலேயே இருக்காது.

சின்னப் பள்ளிகளுக்கு இன்னொரு சங்கடம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டத்தின் கணக்கு. அதாவது ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். எங்கள் ஒன்றியத்தில் ஒரு வகுப்பில் எட்டே பேர் இருக்கும் பள்ளிகள் உண்டு. அங்கே ஒரு குழந்தை என்பது பன்னிரண்டரை சதவீதம். மலரில் இருந்த இரண்டு பேர் ஊர் மாறி, அவர்கள் இடத்தில் தமிழ் எழுத்துத் தெரியாத இரண்டு பேர் வந்தால் அந்தப் பள்ளியின் தரம் 25 சதவீதப் புள்ளி சரிந்ததாகத் திரையில் சிவப்பு நிறம் விழும். பாடம் நடத்துபவரும் அதே ஆசிரியர், முறையும் அதே முறை.

நல்லது நடக்கவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு எங்கள் காலை வேளையே மாறிவிட்டது. அம்மா ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போதே பிள்ளையையும் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறார். முன்பெல்லாம் பதினொரு மணிக்கு டெஸ்க்கில் தலை சாய்த்துப் படுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது அப்படி யாரும் இல்லை. பொங்கல் போடும் நாளில் வருகை இன்னும் நன்றாக இருக்கிறது. முதல் பாடவேளை முழுதாக எங்கள் கையில் கிடைப்பது வாசிப்பில் நேராகவே தெரிகிறது.

நான் தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே, எந்த மாதம் சேர்ந்தது, வீட்டில் என்ன மொழி, அப்போது எந்த நிலை, இப்போது எந்த நிலை என்று நான்கு பத்தி. முதல் வகுப்பிலிருந்து எங்களிடமே இருக்கும் பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தால் ஒரு சிலரைத் தவிர எல்லோரும் படிக்கிறார்கள். அந்த ஒரு சிலர் யாரென்று எனக்குத் தெரியும். ஒருவனுக்குப் பார்வைக் குறை, கண்ணாடி வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. இன்னொருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்ள வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் நின்றுவிடுகிறாள், அவளுடைய அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இடையில் வந்தவர்களிலும் ஒரு முழு வருஷம் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு படியாவது ஏறியிருக்கிறார்கள்.

இந்த விவரத்தில் பாதி எமிஸிலேயே இருக்கிறது. சேர்ந்த தேதி இருக்கிறது, தாய்மொழி இருக்கிறது. மதிப்பீட்டு முடிவு வரும் தாளில் அந்த இரண்டு பத்தியையும் சேர்த்து அச்சடித்தாலே போதும். அடுத்த கூட்டத்தில் இதை எழுத்தாகவே கொடுக்கப்போகிறேன். பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவரும் கையெழுத்துப் போடுகிறேன் என்றிருக்கிறார்.