கார் ஷெட்டுக்காக வீடு நாலடி பின்னால் போன கதை

தக்கலைப் பக்கம் எங்களுக்கு 5 சென்ட், அதாவது 2,178 சதுர அடி. முதலில் வீடு, ஷெட் பிறகு என்பதுதான் என் கணக்கு. பால்காய்ப்பு முடிந்ததும் வெல்டரைக் கூப்பிட்டு, மதிலோரம் நாலு ஜிஐ பைப் நட்டு மேலே சீட் போட்டுவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்?

இன்ஜினியர் கேட்டார். "அண்ணே, காரை எங்க விடப் போறீங்க?"

சொன்னதும் சிரித்துவிட்டார். எங்கள் வீட்டு முன் வழியின் அகலம் 9 மீட்டருக்குள். அப்படியானால் முன்பக்கம் 1.5 மீட்டர் காலியாகக் கிடக்க வேண்டும் என்கின்றன, தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019. அந்த இடத்தில் தூண் நட்டுக் கூரை போட்டால் கட்டடக் கணக்குதான். "வெறும் சீட்தானே?" என்றேன். "சீட்டு அந்தரத்திலயா நிக்கும்?" என்றார்.

ஷெட்டையும் பிளானிலேயே சேர்த்தோம். வீடு நாலடி பின்னால் போனது. கிணற்றடிப் பலாவை வெட்ட அம்மா சம்மதிக்கவில்லை, அடுக்களைதான் சுருங்கியது.

என்னை நிஜமாகவே அலைக்கழித்தது பட்டா. சித்தப்பா பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா அது. உட்பிரிவுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். சர்வேயர் வருவதாகச் சொன்ன இரண்டு நாளும் ஐப்பசி மழை. மூன்றாம் முறை சங்கிலி பிடித்தபோது, மதில் வரை நம் மண் என்று நம்பியிருந்ததில் ஒரு அடி போனது. பக்கவாட்டில் விட வேண்டிய 1 மீட்டரையும் புதிதாக அளந்து, ஷெட் தூணை மறுபடி நகர்த்தி வரைந்தோம்.

அதன் பிறகு சுலபம். விதிப்படி கட்டுவோம் என்று நாமே உறுதி தந்து அனுமதி வாங்கும் முறை, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை. அதில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டலாம். பத்திரம், பட்டா, புலப்படம், பிளான் எல்லாம் ஏற்றிப் பணம் கட்டியதும் அனுமதி கையில். ஆனால் பிளானுக்கு மாறாகக் கட்டினால் பொறுப்பு நம் தலையில்தான். அதனால் வெல்டர் "இன்னும் ரெண்டடி இழுத்துக்கலாமே" என்றபோது வாயைத் திறக்காமல் பிளானை நீட்டினேன்.

சீட் ஏறிய அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் மதிலோரம் வந்து நின்றார். அனுமதி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மக்ளே, தண்ணி எந்தப் பக்கம் விழும்?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பருவமழையும் அடிக்கிற ஊர். சரிவை எங்கள் பக்கமே திருப்பி, கூரையோரம் தண்ணி ஓடப் பாத்தி வைத்துக் கிணற்றடிக்கு விட்டோம்.