தோட்டத்தில் தொந்தரவு: பொலிஸுக்கு ஒரு வழி, வேலைக்கு ஒரு வழி

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கும் மலையில் வேலையை மேற்பார்க்கும் கங்காணியோ கணக்கப்பிள்ளையோ ஒரு பெண்ணிடம் தப்பாக நடந்துகொண்டால், "ஆபீசில் பேசித் தீர்த்துக்கலாம்" என்பதுதான் முதலில் காதில் விழும். பேசட்டும். அதே நேரத்தில் எழுத்து வேலையும் தொடங்கிவிட வேண்டும். இந்த முறைப்பாடுகளோடு கூடவே போய்வரும் நாங்கள் வலியுறுத்துவது இதைத்தான்.

பாலியல் தொந்தரவு குற்றம்; அது பொலிஸுக்குப் போக வேண்டியது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, அதிகாரத்தில் உள்ளவர் வேலைத்தலத்தில் சொல்லால் தரும் பாலியல் தொல்லையும் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவுக்குள் வரும். கை பட்டிருக்க வேண்டும் என்றில்லை. 5 வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

பொலிஸில் சிறுவர், பெண்கள் பிரிவைக் கேளுங்கள். எந்த மலை, எத்தனை மணி, பக்கத்து நிரையில் யார் நின்றார்கள், அவன் சொன்ன வார்த்தை என்ன என்று சொல்லுங்கள். வெட்கப்பட்டு "அசிங்கமாகப் பேசினார்" என்று மட்டும் சொன்னால் வழக்கு அங்கேயே பலவீனமாகிவிடும். அரச அதிகாரியோடு தமிழில் கருமமாற்ற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிவிட்டால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவும் வேண்டாம்.

முறைப்பாட்டுக்குப் பிறகு பழிவாங்கல் பெரும்பாலும் கொழுந்து நிறுவையில்தான் தெரியும். கிலோ கழிப்பார்கள், அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுவார்கள், தூரத்துச் செங்குத்து மலைக்கு அனுப்புவார்கள். ஒரு கொப்பியில் தினமும் திகதி, மலை இலக்கம், நிறுத்த கிலோ, போட்ட பேர் என்று எழுதி வாருங்கள். சம்பளச் சீட்டையும் அந்தக் கொப்பியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மாவட்டத் தொழில் காரியாலயத்தில் கேள்வி கேட்க வழி பிறக்கும்.

அதைவிட மோசமானது, பெரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) வைத்து "நாளைக்கு வராதே" என்று வாயால் சொல்லி அனுப்புவது. பிறகு அவளாகவே வேலையைக் கைவிட்டாள் என்று கடிதம் வரும். அதனால் அன்றைக்கே, "வேலைக்கு வந்தேன், திருப்பி அனுப்பினார்கள், வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்" என்று எழுதிப் பதிவுத் தபாலில் தோட்ட நிர்வாகத்துக்கு அனுப்ப வேண்டும். பிரதியும் தபால் பற்றுச்சீட்டும் கையில் இருக்கட்டும். பதில் முகவரியாக லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) கொடுத்தால் கடிதம் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வரும். அங்கே தங்கிவிடவும் கூடும். டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுங்கள்.

வேலை நீக்கத்துக்கு, தொழில் வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீக்கிய நாளிலிருந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். "தொழிற்சங்கத் தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார்" என்று காத்திருந்தே பலருக்கு இந்தக் காலம் கடந்துவிடுகிறது, அதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிறது. சங்கம் நிர்வாகத்தோடு பேசிக்கொண்டிருந்தாலும் விண்ணப்பத்தைப் போடலாம். பேச்சு முடியும்வரை சபை அதை நிறுத்திவைக்கச் சட்டத்தில் இடமுண்டு. சட்டத்தரணி கட்டாயமில்லை, சங்கப் பிரதிநிதியே ஆஜராகலாம். கர்ப்பம் என்ற காரணத்துக்காக நிறுத்தினால் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் துணைக்கு வரும்.

ஜனதா தோட்ட அபிவிருத்திச் சபை போன்ற அரச நிறுவனத்தின் தோட்டத்தில் சாதி, மொழி, பால் பார்த்து ஒதுக்கினால், அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகவும் வழியுண்டு. அதற்குக் கால எல்லை ஒரே மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்திருந்தால் விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தை ஆணைக்குழுவிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.